ஆண்குறி முறிவு: அறுவை சிகிச்சையும் அதற்குப் பிந்தைய வாரங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கட்டிலிலிருந்து விழுந்துவிட்டேன்", "கதவு இடித்துவிட்டது" – இந்தக் காயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் முதலில் இப்படித்தான் எதையாவது சொல்கிறார்கள். உடனே வருவதும் இல்லை. ஓரிரவு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்து, வீக்கம் வடியப்போவதில்லை என்று தெரிந்த பிறகே கிளம்புகிறார்கள். நேரத்தோடு வந்தால் சரிசெய்துவிடக்கூடிய காயத்தைச் சிக்கலாக்குவது பெரும்பாலும் இந்தக் கூச்சம்தான். ஆகவே இங்கே எதையும் பூசி மெழுகவில்லை. இப்போது உங்களுக்கே இது நேர்ந்து, வலியோடு இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மூன்றாவது கேள்விக்கு நேராகச் செல்லுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

1. ஆண்குறியில் எலும்பே கிடையாதே, அப்புறம் எது முறிகிறது?

நாய்க்கும் பல குரங்கினங்களுக்கும் அந்த உறுப்பில் எலும்பு உண்டு, மனிதனுக்கு இல்லை. மனிதனிடம் எலும்பின் வேலையைச் செய்வது ரத்தத்தின் அழுத்தம். ஆண்குறியின் மேற்பகுதியில் பஞ்சு போன்ற திசு நிறைந்த இரண்டு உருளைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அவற்றுக்குக் கீழே, சிறுநீர்ப் பாதையைச் சுற்றிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று. விறைப்பின்போது மேலுள்ள இரண்டு உருளைகளிலும் ரத்தம் நிரம்பி அடைபடுகிறது. அந்த ரத்தம் வெளியே பிதுங்காமல் இறுக்கிப் பிடித்திருப்பது வெண்மையான, உறுதியான ஒரு நார் உறை. சைக்கிள் டியூபுக்கு மேலே டயர் இருப்பதைப் போல.

தளர்ந்த நிலையில் இந்த உறையின் தடிமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். விறைக்கும்போது இழுபட்டு அரை மில்லிமீட்டராகவோ அதற்கும் கீழாகவோ மெலிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் குறி திடீரென்று மடங்கினால், உள்ளே வழக்கமாக 100 மி.மீ. பாதரச அளவை ஒட்டி இருக்கும் அழுத்தம் ஒரே கணத்தில் பல மடங்கு எகிறும். 1,500 மி.மீ. பாதரச அளவைத் தாண்டும்போது உறை கிழிகிறது. "முறிவு" என்று நாம் சொல்வது இந்தக் கிழிசலைத்தான். தளர்ந்த நிலையில் இது நேர்வது மிக மிக அரிது.

2. எனக்கு நேர்ந்தது முறிவுதானா என்று எப்படி அறிவது?

சுள்ளி ஒடிவது போலவோ சொடுக்குப் போடுவது போலவோ "படக்" என்று ஒரு சத்தம் கேட்கும். சிலருக்குச் சத்தமாகக் கேட்காமல் உள்ளே ஏதோ அறுந்ததுபோல் தோன்றும். கூடவே வலி. அடுத்த சில நொடிகளில் விறைப்பு மொத்தமாக இறங்கிவிடும். பிறகு வீக்கம். தோலுக்கடியில் ரத்தம் கசிந்து குறி ஊதா நிறமாகிக் கொழுத்துத் தொங்கும். மருத்துவ நூல்களே இதற்குக் கத்தரிக்காய்த் தோற்றம் என்று பெயர் வைத்திருக்கின்றன. பார்த்தவர்கள் அந்தப் பெயரை மறுக்க மாட்டார்கள். உறையில் கிழிசல் விழுந்த பக்கம் ரத்தம் கட்டித் தள்ளுவதால், குறி எதிர்ப்பக்கமாக வளைந்து நிற்பதும் உண்டு.

சத்தம், விறைப்பு சட்டென்று இறங்குதல், வீக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. வலியை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். வலி குறைவாக இருந்த ஒரே காரணத்தால் காலைவரை காத்திருந்தவர்கள் உண்டு.

வீக்கம் குறியோடு நிற்கிறதா, விரைப்பைக்கும் அடிவயிற்றுக்கும் பரவுகிறதா என்பது உள்ளே எந்தப் படலம் வரைக்கும் கிழிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பரவியிருப்பதைக் கண்டு உயிருக்கே ஆபத்து என்று கலங்க வேண்டாம். பரவாததைக் கண்டு ஒன்றுமில்லை என்று இருந்துவிடவும் வேண்டாம்.

3. உடனே என்ன செய்ய வேண்டும்?

மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இரவு இரண்டு மணியாக இருந்தாலும் சரி. சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு என்றால் நல்லது. வேறு யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லுங்கள்.

கிளம்பும் வரையிலும் வழியிலும், துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். தோலின் மீது நேரடியாக வைக்கக் கூடாது. வளைந்திருப்பதை நிமிர்த்த முயல வேண்டாம். உருவிவிடுவது, எண்ணெய் தேய்ப்பது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மறுபடியும் விறைப்பு வருகிறதா என்று சோதித்துப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். அது காயத்தை இன்னும் பெரிதாக்கும். ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் அதை வலிக்காக விழுங்காதீர்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கும் என்பதால் உணவையும் பானங்களையும் தவிர்த்துவிடுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு இது நேர்ந்தது என்ற இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சிறுநீர் வரவில்லை என்றால் முக்காதீர்கள். சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தாலோ நுனியில் ரத்தத் துளி தெரிந்தாலோ அதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் போக்கையே மாற்றும்.

4. எப்படியெல்லாம் இது நேர்கிறது?

பெரும்பாலும் உடலுறவின்போது. குறி வெளியே நழுவி, திரும்ப உட்செல்லும் வேகத்தில் துணையின் இடுப்பெலும்பிலோ பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியிலோ மோதி மடங்குகிறது. துணை மேலே இருக்கும் நிலையிலும், பின்னாலிருந்து புணரும் நிலையிலும் இது கூடுதலாக நேர்வதாக மருத்துவ ஏடுகள் பதிவுசெய்திருக்கின்றன. சுய இன்பத்தின்போது வளைப்பது, விறைப்போடு தூக்கத்தில் குப்புறப் புரள்வது, விறைத்த குறியை அவசரத்தில் உள்ளாடைக்குள் மடக்கித் திணிப்பது ஆகியவை மற்ற காரணங்கள். மேற்கு ஈரானின் கெர்மான்ஷா பகுதியில், விறைப்பை இறக்குவதற்காகக் குறியைப் பிடித்துச் சொடுக்கெடுப்பது போல மடக்கும் பழக்கம் இருந்ததால், உலகில் வேறெங்கும் இல்லாத எண்ணிக்கையில் இந்தக் காயம் அங்கே பதிவாகியிருக்கிறது. குறி வளைவு நோய்க்காக, தழும்பைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு. ஊசிக்குப் பின் சில வாரங்கள் உறவைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான்.

5. மருத்துவரிடம் இதை எப்படிச் சொல்வது?

"விறைப்போடு இருந்தபோது மடங்கிவிட்டது, சத்தம் கேட்டது, உடனே தளர்ந்துவிட்டது." இவ்வளவு போதும். யாரோடு, எங்கே, திருமணம் ஆனவரா என்பதெல்லாம் மருத்துவருக்குத் தேவையற்றவை. பதிவு மேசையில் பலர் முன்னிலையில் சொல்லக் கூச்சமாக இருந்தால் "பிறப்புறுப்பில் அடி, வீக்கம், அவசரம்" என்று சொல்லிவிட்டு, மீதியை உள்ளே சொல்லலாம். ஆனால் காரணத்தை மாற்றிச் சொல்லாதீர்கள். கதவு இடித்தது என்று சொன்னால் வெறும் ரத்தக்கட்டு என்று நினைத்து வலி மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. அந்தத் தவறில் பங்கு உங்களுக்கும் இருக்கும்.

6. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியுமா?

தேவையில்லை. நடந்ததைக் கேட்டு, தொட்டுப் பார்த்தே பெரும்பாலான மருத்துவர்கள் முடிவுக்கு வந்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் உதவும். எம்.ஆர்.ஐ. கிழிசலை இன்னும் துல்லியமாகக் காட்டும் என்றாலும், அதற்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

சில நேரங்களில் உறை கிழியாமல், மேற்புறம் ஓடும் ரத்தக் குழாய் மட்டும் அறுந்து இதே வீக்கத்தைக் காட்டும். இதைப் பொய் முறிவு என்பார்கள். அதில் பொதுவாகச் சத்தம் கேட்காது. விறைப்பும் மெதுவாகவே இறங்கும். எது என்று பிரித்தறிய முடியாதபோது திறந்து பார்த்துவிடுவதே நல்லது. உறை நன்றாக இருந்தால் அறுந்த குழாயைக் கட்டிவிட்டுத் தோலை மூடிவிடுவார்கள், இழப்பு ஒன்றுமில்லை. கிழிசலைக் கவனிக்காமல் விடுவதன் இழப்பு அப்படிப்பட்டதல்ல.

7. அறுவை சிகிச்சை செய்யாமல் தானாக ஆறாதா?

ஆறும். எப்படி ஆறும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு காலத்தில் பனிக்கட்டி, இறுக்கமான கட்டு, வலி மருந்து, ஓய்வு என்று காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. அப்படி விட்டவர்களில் கணிசமானோருக்குக் கிழிந்த இடம் தழும்பாகித் தடித்து, விறைப்பின்போது குறி ஒரு பக்கம் வளைந்தது, வலி நீடித்தது, சிலருக்கு விறைப்பே குறைந்துபோனது. கிழிசலின் இரு விளிம்புகளும் நேருக்கு நேர் சேராமல், இடையில் ரத்தக்கட்டு உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். தைத்தவர்களிடம் இந்தத் தொல்லைகள் தெளிவாகக் குறைவு. அமெரிக்க சிறுநீரகவியல் சங்கமும் ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கமும் தங்கள் வழிகாட்டு நெறிகளில் தாமதமின்றித் திறந்து தைக்கவே சொல்கின்றன.

யாராவது "ஒரு வாரம் ஓய்வெடுத்தால் போதும்" என்று சொன்னால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உறை கிழியவில்லை என்று எதைப் பார்த்து உறுதிசெய்தீர்கள்?

8. இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டது. இனிப் போய்ப் பயன் உண்டா?

உண்டு. முதல் 24 மணி நேரத்துக்குள் செய்வது சிறந்தது என்றாலும், சில நாள் கழித்துச் செய்தவர்களும் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். தாமதமானால் ரத்தக்கட்டு இறுகி, திசுக்கள் ஒட்டிக்கொண்டு, மருத்துவரின் வேலை கடினமாகும், அவ்வளவே. வாரங்கள் கடந்துவிட்டால் அணுகுமுறை மாறும்: வளைவோ விறைப்புக் குறைவோ நிலைத்த பிறகு அதற்கான சிகிச்சையைத் தனியாகத் திட்டமிடுவார்கள். எத்தனை நாளாகியிருந்தாலும் காட்டுங்கள்.

9. அறுவை சிகிச்சையில் என்னதான் செய்கிறார்கள்?

இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முதுகுத்தண்டு ஊசியோ முழு மயக்கமோ தருவார்கள். சிக்கலற்ற கிழிசல் என்றால் அறுவை அரங்கில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும்.

எங்கே கீறுவது என்பது கிழிசல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. மொட்டுக்குச் சற்றுக் கீழே தோலை வட்டமாக வெட்டி, சட்டைக் கையை மேலே சுருட்டுவது போலத் தோலை அடிப்பகுதிவரை சுருட்டிக்கொள்வது ஒரு வழி. கேட்கவே உடல் கூசும். ஆனால் அந்தத் தோல் தளர்வாக ஒட்டியிருப்பதால் எளிதாகக் கழன்று, அதே எளிமையோடு திரும்பி உட்காரும். இரண்டு உருளைகளையும் சிறுநீர்ப் பாதையையும் ஒரே பார்வையில் சோதிக்க இது வசதி. கிழிசல் அடிப்பகுதியில் இருக்கிறது என்று உறுதியானால், குறியும் விரைப்பையும் சேரும் இடத்தில் சிறிதாகக் கீறினாலே போதும். கிழிசல் தோலின் மேலிருந்தே கைக்குத் தட்டுப்பட்டால் நேராக அதன் மீதே கீறுகிறவர்களும் உண்டு.

உள்ளே முதலில் தெரிவது ரத்தக்கட்டு. அதைக் கழுவி எடுத்ததும் கிழிசல் புலப்படும்: பெரும்பாலும் ஒரே பக்கத்தில், கீழ்ப்புறம் ஒட்டிய பக்கவாட்டில், குறுக்காக, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில். கீழ்ப்புறம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. உறை அங்கேதான் மெலிந்தது. விளிம்புகள் வழக்கமாகச் சுத்தமாகவே இருக்கும். வெட்டி எறிய அதிகம் இருக்காது. தானாகக் கரையும் நூலால் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பார்கள். முடிச்சுகள் பின்னாளில் தோலுக்கடியில் உறுத்தாமல் இருக்க, அவற்றை உட்புறமாகப் புதைத்துவிடுவது அனுபவமுள்ள கைகளின் வழக்கம்.

தைத்து முடித்ததும் ஒரு சோதனை. குறியின் அடியை மெல்லக் கட்டிக்கொண்டு, ஊசி மூலம் உப்பு நீரைச் செலுத்திச் செயற்கையாக விறைக்க வைப்பார்கள். பஞ்சர் ஒட்டிய டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. கசிகிறதா, வளைகிறதா, வேறு கிழிசல் உண்டா என்று அப்போதே தெரிந்துவிடும். பிறகு தோலை இறக்கித் தைத்து, இறுக்கமில்லாத கட்டுப் போடுவார்கள்.

10. சிறுநீர்ப் பாதையும் கிழிந்திருந்தால்?

முறிவோடு வருகிறவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரைக்கும் இந்தக் காயமும் சேர்ந்திருக்கலாம். இரண்டு உருளைகளும் கிழிந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். நுனியில் ரத்தம், ரத்தம் கலந்த சிறுநீர், சிறுநீர் போக முடியாமை ஆகியவை அடையாளங்கள். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தோ, மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டோ உறுதிசெய்வார்கள். அதே அறுவையிலேயே மெல்லிய கரையும் நூலால் பாதையைத் தைத்து, உள்ளே கத்தீட்டர் என்னும் குழாயை வைப்பார்கள். அது இரண்டு வாரமோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தொடையில் கட்டிக்கொண்டு நடமாடுவது எரிச்சலான காரியம்தான்; ஆனால் அந்தக் குழாய்தான் பாதை சுருங்காமல் ஆறுவதற்கு அச்சாக நிற்கிறது. நீங்களாக இழுத்துவிடாதீர்கள்.

11. முன்தோலை நீக்கிவிடுவார்களா?

மொட்டுக்குக் கீழே வட்டமாக வெட்டும் முறையில், மிச்சமிருக்கும் முன்தோல் பின்னர் வீங்கி இறுகக்கூடும் என்பதால் சில மருத்துவர்கள் நீக்கிவிடுவார்கள். சிலர் அப்படியே விடுவார்கள். உங்களுக்கு விருப்பு வெறுப்பு இருந்தால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் சொல்லுங்கள்.

12. வீட்டுக்கு எப்போது திரும்பலாம்? முதல் வாரம் எப்படி இருக்கும்?

சிறுநீர்ப் பாதையில் காயமில்லை என்றால் ஒன்றிரண்டு நாளில். ஓரிரவுக்கு மட்டும் கத்தீட்டர் வைத்து மறுநாள் எடுப்பது உண்டு.

முதல் சில நாட்களில் வீக்கம் அதிகமானது போலவே தோன்றும்; அறுவைக்கு முன்பே இவ்வளவு அசிங்கமாக இல்லையே என்றும் நினைப்பீர்கள். நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறிக்கொண்டே வரும். விரைப்பையும் கறுத்துப்போகலாம். இவை தேங்கிய ரத்தம் கரைகிற படிகள். இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பகுதி மறைந்துவிடும். உடலோடு பொருந்தும் உள்ளாடை அணிந்து, குறியை வயிற்றை நோக்கி மேலே சாய்த்து வைத்துக்கொண்டால் வீக்கம் வேகமாக வடியும். குளிக்க அனுமதி கிடைத்த பின் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். தொட்டியிலோ குளத்திலோ ஊறக் கூடாது. தையல் நூல் தானாக உதிரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து இழுக்க வேண்டாம். கொடுத்த மருந்துகளை முழுவதும் முடியுங்கள். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்குவது அந்தப் பகுதியில் வலியைக் கூட்டும்.

13. தூக்கத்தில் விறைப்பு வருகிறது. தையல் பிரிந்துவிடுமா?

அறுவைக்குப் பிறகு ஆண்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உடல்நலமுள்ள ஆணுக்கு ஒவ்வோர் இரவும் கனவுத் தூக்கத்தின்போது பல தடவை விறைப்பு வரும். அது காமத்தால் வருவதல்ல. மனத்தை அடக்கி நிறுத்தவும் முடியாது. காயம் பட்ட உறுப்பு அந்த வழக்கத்தை மறந்துவிடவில்லை என்பது உண்மையில் நல்ல சேதி. ரத்த ஓட்டமும் நரம்பும் வேலைசெய்கின்றன என்பதற்கு அது சான்று.

தையல் இழுபடும்போது வலித்து எழுப்பிவிடும். ஆனால் அறுவை அரங்கில் செயற்கை விறைப்பைத் தாங்கிய தையல் அது. வேறு விசை இல்லாமல் தானாக வரும் விறைப்பினால் மட்டும் அறுந்துபோவது அரிது. எழுந்து சிறுநீர் கழித்து, நாலு அடி நடந்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சற்று நேரம் வைத்தால் இறங்கிவிடும். படுக்கும் முன் நிறையத் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதும், குப்புறப் படுக்காமல் இருப்பதும் உதவும். கையால் அமுக்கி மடக்கி இறக்க முயல வேண்டாம். காயம் வந்ததே விறைத்த குறி மடங்கியதால்தான் என்பதை மறக்க வேண்டாம்.

விறைப்பைக் குறைக்க டயஸெபாம் போன்ற தூக்க மாத்திரைகளையோ, ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மருந்துகளையோ சில மருத்துவர்கள் சில நாட்களுக்குத் தருவார்கள். அவற்றால் உறுதியான நன்மை உண்டு என்று நிறுவப்படவில்லை. தராவிட்டால் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பகலில் ஆசையைத் தூண்டுவனவற்றிலிருந்து சில வாரம் விலகியிருப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

14. வேலைக்கு எப்போது போகலாம்?

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் ஒரு வாரம், பத்து நாளில். பாரம் தூக்குவது, ஓட்டம், உடற்பயிற்சி, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஆகியவை மூன்று நான்கு வாரம் பொறுத்து. அலுவலகத்துக்கான சான்றிதழில் "சிறு அறுவை சிகிச்சை" என்று மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்கலாம். அதில் தயக்கம் வேண்டாம்.

15. உடலுறவுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

வழக்கமாக ஆறு வாரம். சிலருக்கு நான்காம் வாரத்திலேயே அனுமதி கிடைக்கும். சிறுநீர்ப் பாதையும் தைக்கப்பட்டிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். சுய இன்பத்துக்கும் இதே கணக்குதான். தோல் பத்து நாளில் ஆறிவிடுவதால் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். உள்ளே உள்ள நார் உறை தன் வலுவைத் திரும்பப் பெற வாரக்கணக்கில் ஆகும். வெளித்தோலைப் பார்த்து முடிவெடுக்காமல் மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்குங்கள்.

முதல் சில தடவை அவசரம் வேண்டாம். போதிய வழவழப்பு இருக்கட்டும். வேகத்தையும் ஆழத்தையும் நீங்கள் கட்டுப்படுத்தக்கூடிய நிலையைத் தேர்ந்தெடுங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

16. விறைப்பு முன்புபோல வருமா?

உரிய நேரத்தில் தைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு வரும். முதல் ஓரிரு மாதத்தில் விறைப்பு அரைகுறையாக இருந்தால் அதற்குக் காயத்தைவிடப் பயமே காரணமாக இருப்பது அதிகம். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவருக்கு மறுபடியும் கேட்டுவிடுமோ என்ற எண்ணம் படுக்கையறைக்குள் கூடவே வருகிறது. காலையில் எழும்போது விறைப்பு நன்றாக இருந்து, உறவின்போது மட்டும் தளர்ந்தால், கோளாறு ரத்தக் குழாயில் இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். காலம்தான் இதற்கு மருந்து. தேவைப்பட்டால் பாலியல் மருத்துவ ஆலோசனையும் கைகொடுக்கும்.

எந்த நேரத்திலும் விறைப்பு போதவில்லை, மூன்று மாதம் கடந்தும் மாற்றமில்லை என்றால் டாப்ளர் ஸ்கேன் மூலம் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மாத்திரைகள் பலருக்கு உதவும். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். இதய நோய்க்காக நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு இவை ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

17. தோலுக்கடியில் கட்டி போல ஏதோ தட்டுப்படுகிறது. கொஞ்சம் வளைந்தும் இருக்கிறது.

தைத்த இடத்தில் சிறு முடிச்சு தட்டுப்படுவது சாதாரணம். நூலும் தழும்பும் சேர்ந்த தடிப்பு அது; மாதங்கள் செல்லச் செல்ல பெரும்பாலும் சிறுத்துவிடும். லேசான வளைவும் அப்படித்தான். உறவுக்குத் தடையாக இல்லாத வளைவை யாரும் நிமிர்த்த வேண்டியதில்லை. பிறவியிலேயே நேராக இருப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. வளைவு கூடிக்கொண்டே போனாலோ, விறைப்பின்போது வலி மாதக்கணக்கில் நீடித்தாலோ காட்டுங்கள்.

தோலைச் சுருட்டித் தைத்த முறையில் மொட்டின் அருகே சிலருக்கு மரத்தது போல இருக்கும். நரம்பு மெதுவாக மீளும்.

18. குறி குட்டையாகிவிடுமா? குழந்தை பிறக்குமா?

கிழிந்த உறையைச் சேர்த்துத் தைக்கிறார்களே தவிர அதிலிருந்து வெட்டி எடுக்க அதிகம் இருப்பதில்லை. அதனால் நீளம் குறித்துக் கவலை வேண்டாம். விந்தணு உருவாவது விரைகளில். முறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிறுநீர்ப் பாதை காயம்பட்டுப் பின்னாளில் சுருங்கினால் விந்து வெளியேறுவதில் தடை வரலாம், அதுவும் சரிசெய்யக்கூடியதே.

19. என் மனைவி தன்னால்தான் இப்படி ஆனது என்று அழுகிறாள். என்ன சொல்ல?

இது இருவர் உடலும் சேர்ந்திருந்தபோது நேர்ந்த விபத்து. ஒருவர் மட்டும் செய்த தவறல்ல. இதைச் சொல்வதோடு நிற்காமல், மறுபரிசோதனைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் வாயால் "இனி பயமில்லை" என்று கேட்பது அவருக்கும் தேவை. பல வீடுகளில் ஆணின் காயம் ஆறிவிடுகிறது. துணையின் பயம் ஆறாமல், தொடவே தயங்கும் நிலை நீள்கிறது. சிகிச்சைத் தாளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

20. வீட்டுக்கு வந்த பிறகு எதற்கெல்லாம் உடனே திரும்பிச் செல்ல வேண்டும்?

காய்ச்சல், சீழ், தையல் வாய் பிளப்பது, வடிந்துகொண்டிருந்த வீக்கம் திடீரென்று பெருத்துவிடுவது, தோல் ஒரு பகுதி கறுத்துக் குளிர்ந்துபோவது, சிறுநீர் நின்றுவிடுவது, கத்தீட்டர் அடைத்துக்கொள்வது, தையல் வழியாகச் சிறுநீர் கசிவது, இறங்காமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் விறைப்பு. இவற்றில் எதுவாக இருந்தாலும் மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். சில மாதம் கழித்துச் சிறுநீர்த் தாரை மெலிந்தோ இரண்டாகப் பிரிந்தோ வந்தால் அது பாதை சுருங்குவதன் அறிகுறி. அன்றைக்கே ஓட வேண்டியதில்லை, ஆனால் அந்த வாரமே காட்டுங்கள்.

21. இன்னொரு முறை முறியுமா?

முறியலாம், அரிது. நன்றாக ஆறிய உறையைப் பயந்து பயந்து பாதுகாக்க வேண்டியதில்லை. நழுவி வெளியே வந்துவிட்டால் ஒரு நொடி நின்று, கையால் வழிகாட்டி உள்ளே செலுத்துங்கள். மோதல் நேர்வது அந்த ஒரு நொடி அவசரத்தில்தான்.